மூன்று மா நிலத்துக்கு ஒரு டிராக்டர்

புரட்டாசி மாதத்துக் காலை. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். வாய்க்காலில் தண்ணீர் வந்து நான்கு நாளாகிவிட்டது. சம்பா நடவுக்குச் சேறடிக்க வந்த பழைய 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று, கேஜ் வீல் பாதி சேற்றில் புதைந்தபடி வரப்போரம் நின்றுபோயிருந்தது. நிலம் மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர். நாற்று பறித்து முடித்துவிட்டார்கள். மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று.

“மெக்கானிக்கைக் கூப்பிடணுமா தம்பி?” என்று வயல்காரர் கேட்டார்.

“வேணாம் மாமா, காத்துதான் புடிச்சிருக்கு. செத்த இருங்க.”

வண்டிக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு ஸ்பானர்களை எடுத்தார். டீசல் ஃபில்டரின் தலையிலிருந்த திருகாணியை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சிறிய நெம்பைக் கையால் மேலும் கீழும் அடித்தார். திருகாணியைச் சுற்றி டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கித் தெளிந்த டீசல் வழிந்ததும் இறுக்கினார். அடுத்து பம்பின் மேலிருந்த திருகாணி. அதற்கும் அடுத்து நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகள்; இவற்றுக்குச் சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுழலவிட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் காற்று வெளியேறும்வரை பொறுத்திருந்தார். பிறகு நட்டுகளை இறுக்கிவிட்டு, ஏறி உட்கார்ந்து மறுபடி சாவியைத் திருப்பினார். இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாம் சேர்ந்து கால்மணி நேரம்.

மூன்று மா நிலக்காரர் ஒருவரின் ஒரு போக வெள்ளாமை அந்தக் கால்மணி நேரத்தை நம்பி நின்றது. அப்படியொரு இயந்திரம் அந்த வயலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் போனால், அயர்லாந்தின் வடபகுதிவரை போக வேண்டியிருக்கிறது.

போவதற்கு முன் சில எண்களைப் பார்த்துவிடலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். 1970-71இல் அது 2.28 ஹெக்டேராக இருந்தது. தமிழ்நாட்டின் சராசரி இன்னும் சிறியது: 0.75 ஹெக்டேர், தஞ்சைக் கணக்கில் ஐந்தரை மா. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் நூற்றுக்கு 93 இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு, குறு பண்ணைகள். அமெரிக்காவில் கதை நேர் எதிர்த் திசையில் ஓடியது. 1935இல் அங்கே 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022இல் எஞ்சியவை 19 லட்சம். சராசரிப் பரப்பு 463 ஏக்கர். அங்கே நிலம் சேர்ந்துகொண்டே போனது. இங்கே பாகப்பிரிவினையில் துண்டுபட்டுக்கொண்டே வந்தது.

டிராக்டர் பெரும் பண்ணையின் கருவி என்பது பொதுவான நம்பிக்கை. அது சரியென்றால், நிலம் சிறுத்த நாட்டில் டிராக்டர் அருகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1961-62இல் இந்தியாவில் உற்பத்தியான டிராக்டர்கள் வெறும் 880. இன்று எண்ணிக்கையில் உலகிலேயே அதிக டிராக்டர் தயாரிக்கும் நாடு இந்தியா. 2022-23இல் உள்நாட்டில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் விற்றன. பண்ணை சிறுக்கச் சிறுக்க டிராக்டர் பெருகியிருக்கிறது. இந்த முரணுக்கு விளக்கம் பாதி இயந்திரத்தின் அமைப்பிலும் பாதி நம் ஊர் வாடகை வழக்கத்திலும் இருக்கிறது.

ஹாரி பெர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை பிடிக்காமல் அண்ணனின் மோட்டார் பட்டறைக்குப் போனார். முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, 1917இல், அயர்லாந்து வேளாண் வாரியம் அங்கிருந்த டிராக்டர்களின் உழவைச் சீராக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. ஊர் ஊராகப் போன அவரும் அவருடைய கூட்டாளி வில்லி சாண்ட்ஸும் ஒன்றைக் கவனித்தார்கள். அன்றைய டிராக்டர் என்பது இயந்திரக் குதிரை. கலப்பைக்குத் தனிச் சக்கரங்கள் இருந்தன. அதைச் சங்கிலி போட்டு வண்டி இழுத்தது. மண்ணில் பிடிமானம் வேண்டுமென்றால் வண்டி கனமாக இருக்க வேண்டும். கனமான வண்டி விலை அதிகம், ஈர மண்ணை அமுக்கிக் கெட்டியாக்கும், சிறிய வயலில் திரும்பாது. இவற்றைவிடக் கொடிய குறை ஒன்றும் இருந்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரங்கள் நிற்காது; வண்டியின் முன்பக்கம் அப்படியே மேலெழுந்து ஓட்டுபவர் மீது கவிழும். அந்நாளைய ஃபோர்ட்சன் டிராக்டர் இப்படிப் பல உயிர்களைக் குடித்தது.

பெர்குசன் கண்ட தீர்வு, வண்டியையும் கலப்பையையும் ஒரே உடலாக்குவது. கலப்பைக்குச் சக்கரம் வேண்டாம். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என மூன்று இடங்களில் அது வண்டியோடு பொருந்தும். உழும்போது மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கிறது. கீழ்க் கைகள் இழுபட, கலப்பை முன்பக்கமாகக் குப்புறப் பார்க்கிறது. அதனால் மேல் கை, நம் ஊர் வழக்கில் டாப் லிங்க், வண்டியை நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஒரு கெட்டியான சுருள்வில் வாங்கிக்கொள்கிறது. மண் இறுகினால் வில் கூடுதலாக அமுங்கும். வில்லோடு இணைந்த கம்பி ஹைட்ராலிக் பம்பின் வால்வை நகர்த்தும். எண்ணெய் அழுத்தத்தில் கைகள் ஒரு விரற்கடை உயரும். மண் இளகியதும் வில் விரியும். கலப்பை பழைய ஆழத்துக்கே இறங்கும்.

நாட்டுக்கலப்பை பிடித்த உழவரின் கை செய்துவந்த வேலை இதுதான். கட்டாந்தரை வந்தால் மேழியைச் சற்றே தளர்த்துவார், பதமான இடத்தில் அழுத்துவார். அந்தக் கையின் அறிவைப் பெர்குசன் ஒரு வில்லுக்கும் ஒரு வால்வுக்கும் கற்றுக்கொடுத்தார். கூடவே இன்னொன்றும் நடந்தது. கலப்பையின் பாரமும் அது புரட்டும் மண்ணின் பாரமும் பின்சக்கரங்களின் மேல் வந்து இறங்கின. வண்டி சும்மா நிற்கும்போது இலேசாக இருக்கும். உழும்போது மட்டும் தனக்கு வேண்டிய கனத்தை மண்ணிலிருந்தே வாங்கிக்கொள்ளும். கலப்பை பாறையில் மாட்டினால் டாப் லிங்கின் தள்ளல் முன்பக்கத்தைத் தரையோடு பிடித்துக்கொள்ளும், பின்சக்கரங்கள் பாரம் குறைந்து வெறுமனே சுழலும், ஓட்டுபவர் பிழைத்துக்கொள்வார். வேளாண் பொறியியலில் இவ்வளவு எளிய பாகங்களைக் கொண்டு இத்தனை சிக்கல்களை ஒருசேரத் தீர்த்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

1938 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பர்ன் நகரில் ஹென்றி ஃபோர்டுக்கு அவர் இதைச் செய்து காட்டினார். இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் போடவில்லை, கைகுலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1939 ஜூனில் ஃபோர்டு 9என் டிராக்டர் 585 டாலர் விலையில் வந்தது. 1947இல் ஹென்றி ஃபோர்டு இறந்தார். அவருடைய பேரனின் நிர்வாகம் அந்த உடன்பாட்டை முறித்துக்கொண்டு, பெர்குசனின் முறையைத் தன் புதிய வண்டியிலும் வைத்தது. பெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. இதற்கிடையில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிற டிஇ-20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல் உருவானது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டர்களில்தான். பனியில் ஓடுவதற்காகப் பட்டைச் சங்கிலி மாட்டிக்கொண்டார்களே தவிர, வண்டி பண்ணைகளில் உழுத அதே வண்டி.

1953இல் பெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. 1958இல் பெயர் மாஸி பெர்குசன் ஆனது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, செம்பியத்தில் மாஸி பெர்குசன் டிராக்டர்கள் உருவாகத் தொடங்கின. அவற்றுக்கு எஞ்சின் தந்தது சிம்சன்: 1840இல் சென்னையில் குதிரை வண்டி செய்யத் தொடங்கி, 1950களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யக் கற்றுக்கொண்ட கம்பெனி. ‘மாஸி 1035’ என்ற வண்டியைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மூன்று சிலிண்டர், சிவப்பு நிறம், எந்த ஊர்ப் பட்டறையிலும் ஆள் தெரிந்த எஞ்சின். வரப்போரம் நின்றுபோன அந்த வண்டியின் வம்சாவளி இதுதான்.

இந்த வரலாற்றில் சிறு விவசாயிக்குக் கிடைத்த பெரிய சொத்து டிராக்டரைவிட அந்த மூன்று முனை இணைப்பு என்றே நினைக்கிறேன். அது நாளடைவில் ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாக இல்லாமல் உலகப் பொது அளவாக மாறியது. ஊசிகளின் விட்டம், கைகளின் இடைவெளி எல்லாம் பன்னாட்டுத் தர அளவாக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அதன் பலன் நம் ஊரில் கண்ணெதிரே தெரியும். வெல்டிங் பட்டறையில் அடித்த ஒன்பது கொத்துக் கலப்பை எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்துகிறது. பரம்படிக்கும் பலகை, வரப்புக் கட்டும் கருவி இவற்றையெல்லாம் உள்ளூர்க் கொல்லரும் வெல்டரும் தங்கள் மண்ணுக்கு ஏற்பத் திருத்திச் செய்கிறார்கள். களிமண் வயலுக்கு ஒரு வளைவு, செம்மண் காட்டுக்கு வேறொரு வளைவு. வண்டியின் கம்பெனி எது என்று அவர்கள் கேட்க வேண்டியதே இல்லை.

இந்த இடத்தில் டிராக்டரின் மறுபக்கத்தைப் பேசாமல் போனால் நேர்மையாக இருக்காது. உலக வங்கி 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மெக்கினர்னி, டொனால்ட்சன் என்ற இருவர் பாகிஸ்தானில் கடன் பெற்று டிராக்டர் வாங்கிய பண்ணைகளைப் பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தப் பண்ணைகளின் சராசரிப் பரப்பு இரு மடங்குக்கு மேல் போயிருந்தது. கூடிய நிலத்தில் ஒரு பகுதி குத்தகைதாரர்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதுவரை ஆளும் மாடும் இல்லாமல் தானே பயிரிட முடியாத நிலக்காரர், வண்டி வந்ததும் குத்தகைக்காரரை வெளியேற்றினார். 1978இல் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் தெற்காசியாவில் நடந்த பல டிராக்டர் ஆய்வுகளைத் தொகுத்துச் சலித்துப் பார்த்தார். டிராக்டரால் விளைச்சல் கணிசமாகக் கூடியது என்பதற்கு அவற்றில் தக்க சான்று இல்லை என்பதே அவருடைய முடிவு. மாட்டின் இடத்திலும் மனிதரின் இடத்திலும் இயந்திரம் வந்து உட்கார்ந்திருந்தது. மண் கூடுதலாக ஒன்றும் தந்துவிடவில்லை.

காவிரி டெல்டாவில் ஏர் பூட்டிக் கூலி வாங்கியவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத் தலித் குடும்பத்தினர். அவர்களுடைய உழவு நாட்கள் போயின. மாடு போனதோடு சாணமும் போனது, எருக்குழிகள் தூர்ந்தன. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் பழைய டிராக்டரின் பெருமையை மட்டும் பாடுவது, அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் பாகிஸ்தானில் நடந்தது எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் சிறு பண்ணையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி. வங்காளதேசத்தைப் பாருங்கள். 1988 வெள்ளத்துக்குப் பிறகு உழவு மாடுகள் போதாமல் போயின. அதுவரை தரச்சான்று என்ற பெயரில் விலை மலிவான இயந்திரங்களைத் தடுத்துவைத்திருந்த இறக்குமதி விதிகளை அரசு தளர்த்தியது. சீனாவின் 12 குதிரைத்திறன் இருசக்கர டிராக்டர்கள் வந்து இறங்கின. வாங்கியவர்கள் தங்கள் நிலத்தை ஓரிரு நாளில் உழுதுவிட்டு, மீதி நாளெல்லாம் அண்டை வீட்டார் நிலத்தை வாடகைக்கு உழுதார்கள். சராசரிப் பண்ணை நம்மூரைவிடச் சிறியதாக உள்ள அந்த நாட்டில் இன்று பெரும்பகுதி நிலம் இயந்திரத்தால் உழப்படுகிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ‘லேண்ட்மாஸ்டர்’ என்று அழைக்கப்படும் கை உழவு இயந்திரம் செய்வதும் இதே வேலைதான்: காலையில் தோட்டம், பின்னேரம் பெட்டி பூட்டிப் பாரம் ஏற்றுதல்.

தமிழ்நாட்டில் நாலு சக்கர வண்டியே அந்த வேலையைச் செய்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். புது டிராக்டர் தன் விலையை ஈட்ட வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 1,000 மணி நேரம் ஓட வேண்டும் என்பது நம் நாட்டு வேளாண் பொறியியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஓர் ஏக்கர் நெல் வயலுக்குப் புழுதி உழவு, சேற்றுழவு, பரம்பு எல்லாம் சேர்த்து ஒரு போகத்துக்கு ஐந்தாறு மணி நேரம் தேவைப்படலாம். இரண்டு போகமென்றாலும் பன்னிரண்டு மணி நேரம். ஆக, ஓர் ஏக்கர்காரர் ஒருவருக்குச் சொந்தமாக டிராக்டர் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. அதே வண்டி எண்பது வீட்டு நிலங்களைச் சுற்றி வந்தால் எண்பது பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள். உழவு மாடு அப்படிப்பட்டதல்ல. ஆண்டில் முப்பது நாள் உழைக்கும் சோடி மாட்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வைக்கோல் போட வேண்டும். என் தாத்தா கடைசிச் சோடியை விற்றதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். வைக்கோல் போருக்கும் தவிட்டுக்கும் ஆன செலவில் டிராக்டர் வாடகை கொடுத்துவிட்டு மிச்சமும் பிடிக்க முடிந்தது. அந்த மாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி இன்றும் அழுவார் என்பது வேறு.

பழைய வண்டி நுழைவது இந்தக் கணக்கில்தான். முதல் ஏழெட்டு ஆண்டுகள் கடன் கட்டி ஓடிய வண்டி இரண்டாம் கைக்கு மாறும்போது வட்டிச் சுமை கழன்றுவிடுகிறது. அப்போது அது ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓட வேண்டியதில்லை; 400 மணி நேரம் ஓடினாலும் கட்டுப்படியாகும். வாங்குபவரும் மாறுகிறார். முதல் கையில் பெரும்பாலும் பத்து ஏக்கர்காரர். இரண்டாம், மூன்றாம் கையில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர், சில ஊர்களில் முன்பு ஓட்டுநராகக் கூலி வாங்கியவர். அவரே ஓட்டுகிறார், அவரே சின்னப் பழுதைப் பார்க்கிறார். அவருடைய வாடிக்கையாளர்கள் தெருவில் எதிர்ப்படும் அண்ணன், மாமா, சித்தப்பா. பணம் அறுவடைக்குப் பின் வந்தாலும் பொறுத்துக்கொள்கிறார். மழை வரும்போது யார் வயலை முதலில் ஓட்டுவது என்ற சண்டைகூட டீக்கடையில் பேசித் தீர்கிறது.

இதற்கு மாறான நிலையும் நம் கண்முன்னேயே இருக்கிறது: நெல் அறுவடை இயந்திரம். அதன் விலை டிராக்டரைப்போலப் பல மடங்கு. டெல்டாவுக்குள் அது போதிய அளவில் இல்லை. தை, மாசியில் வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் லாரியில் ஏறி வருகிறது. வண்டி உரிமையாளர் யாரென்று வயல்காரருக்குத் தெரியாது, இடையில் தரகர். கதிர் சாய்ந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாளில் மணி வாடகை ஏறும். மாவட்ட ஆட்சியர்கள் கூட்டம் போட்டு வாடகை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது. ‘இ-வாடகை’ என்ற இணையச் சேவை வழியே பதிவும் செய்யலாம். எல்லாரும் ஒரே வாரத்தில் அறுக்கும் ஊரில் அந்த எண்ணிக்கை போதவில்லை. ஆகவே வாடகை முறை தன்னளவில் சிறு விவசாயிக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. வண்டிகள் பலவாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டிக்காரரும் வயல்காரரும் ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். பழைய டிராக்டர் இந்த மூன்றையும் தருகிறது. ஒரு வண்டிக்குப் பதில் ஊரில் ஐந்து பழைய வண்டிகள் இருப்பதே விவசாயிக்குப் பேரம் பேசும் பலம்.

அந்த ஐந்து வண்டிகளும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் பழுது பார்க்கும் அறிவு ஊரிலேயே இருப்பது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் எந்தச் சாலையோரப் பட்டறையிலும் இதைப் பார்க்கலாம். நாசிலைக் கழற்றிக் கை பம்பில் பொருத்தி அழுத்துவார்கள். டீசல் புகைபோலச் சீராகப் பீய்ச்சினால் நல்லது. சொட்டினால் மாற்ற வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் அந்தப் பீய்ச்சலைப் பார்த்தே, ஓசையைக் கேட்டே சொல்லிவிடுகிறான். லைனர் தேய்ந்தால் புது லைனர் இறக்கலாம், கிராங்கைத் தேய்த்து அடுத்த அளவு பேரிங் போடலாம். எஞ்சின் மறுபிறவி எடுக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. தேய்வது மட்டும் மாறும்; உடல் நிற்கும்.

அமெரிக்காவில் இந்த அறிவு விவசாயியின் கையை விட்டு எப்படிப் போனது என்பது நமக்கு முக்கியமான பாடம். புதிய பெரும் டிராக்டர்களில் எஞ்சினையும் கியரையும் ஹைட்ராலிக்கையும் கணினிகள் ஆள்கின்றன. ஓர் உணரி பழுதானால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு முடங்கும். பாகத்தை மாற்றினாலும், கம்பெனியின் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும்வரை பல வேலைகள் முடியாது. அந்த மென்பொருளைத் திறந்து பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமா என்ற கேள்வி எழுந்து, 2015இல் வேளாண் வாகனங்களுக்கு ஒரு விலக்கு தரப்பட்டது. 2023இல் கொலராடோ மாநிலம், விவசாயிகள் தங்கள் கருவிகளைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம், பழுதுபார்ப்பைத் தன் முகவர்களிடமே முடக்கி வைத்ததாகக் குற்றஞ்சாட்டி ஜான் டீர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. இதற்கிடையே 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த 4440 போன்ற பழைய ஜான் டீர் வண்டிகளுக்கு மத்திய மேற்கு மாநிலங்களின் ஏலங்களில் நல்ல விலை கிடைக்கிறது. வாங்குபவர்களில் பலர் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அல்லர், உழுவதற்காகவே வாங்குகிறவர்கள்.

கவனிக்க வேண்டியது, இவர்கள் சிறு விவசாயிகளும் அல்லர். நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவருக்கே அறுவடை வாரத்தில் முகவரின் கணினிக்காகக் காத்திருப்பது தாங்க முடியாததாக இருக்கிறது. அவரிடமாவது இன்னொரு வண்டி இருக்கும். மூன்று மா நிலக்காரருக்கு ஆற்றில் தண்ணீர் வரும் வாரம் ஒன்றுதான்.

நம் நாட்டில் அந்த நிலை இன்னும் வரவில்லை. வராததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் எரிபொருள் அமைப்பு புகுந்துவிட்டது. அதற்குக் கீழுள்ள வண்டிகளில், அதாவது நம் வயல்களில் ஓடும் பெரும்பான்மை வண்டிகளில், பழைய பம்பும் நாசிலுமே தொடர்ந்தன. அடுத்த கட்ட விதிகள் வரும்போது இவையும் மாறும். மாற வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய எஞ்சினின் கரும்புகையை நாளெல்லாம் மூச்சில் இழுப்பவர் அதை ஓட்டுபவர்தான். அந்தப் பழைய வண்டிகளுக்குக் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. வரப்பேறும்போது கவிழ்ந்து இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு வட்டாரத்திலும் கேள்விப்படுகிறோம். பின்னால் சுழலும் தண்டில் வேட்டியோ சேலையோ சிக்கி உயிர் போனதும் உண்டு. அந்தத் தண்டுக்கு மூடி போடுவது ஒரு வெல்டரால் முடிகிற வேலை; கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமும் பொருத்தலாம். பழையது என்பதற்காக ஆபத்தையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டியதில்லை.

புகை குறைய வேண்டும், பூட்டு வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருவது பொறியியலின் கட்டாயம் இல்லை, வணிக முடிவு. அதைத் திருத்தும் பிடி அரசின் கையில் இருக்கிறது, ஏனென்றால் பணத்தின் ஒரு பகுதி அரசுடையது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 50 விழுக்காடு வரையும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையும் மானியம் உண்டு. வாடகை மையங்களுக்கும் தனி உதவி உண்டு. அந்த மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நிபந்தனைகள் போடலாம். பழுதுபார்க்கும் கையேடு தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி முகவரல்லாத பட்டறைக்கும் நியாயமான விலைக்கு விற்கப்பட வேண்டும். கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து குறைந்தது 15 ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் பயிலும் மாணவர்களுக்குப் பம்பும் நாசிலும் சொல்லித்தருவதோடு உணரிகளையும் மின்னணுப் பெட்டியையும் சொல்லித்தரத் தொடங்குவதற்கு இதுவே தருணம். பட்டறைகளில் இன்று தொழில் கற்கும் பையன்கள்தான் பத்தாண்டில் இந்தப் புது வண்டிகளை இரண்டாம் கையில் சந்திக்கப்போகிறவர்கள்.

ஒரத்தநாட்டுச் சாலையில் நான் பார்த்த பட்டறை ஒன்றில் அந்தச் சந்திப்பு தொடங்கிவிட்டது. 55 குதிரைத்திறன் புது வண்டி ஒன்று மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக ஸ்பானர் பிடித்த மெக்கானிக் அதன் மின்கம்பிக் கொத்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்லும் படம் அவரிடம் இல்லை. உதவிக்கு நின்ற பையன் ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்து, ஒவ்வொரு கம்பியின் நிறத்தையும் அது போய்ச் சேரும் இடத்தையும் பேனாவால் வரைந்துகொண்டிருந்தான். பதினோராவது கம்பிவரை வந்திருந்தான்.